கவிழ்த்து வைத்த பக்கெட்

பம்ப் அறை
புதன்கிழமை, மதியம்

அன்பு மகள் பம்பரத்துக்கு அப்பா எழுதிக்கொள்வது.

நானும் அம்மாவும் உடம்பளவில் சௌக்கியம். உன் தோள் எலும்பு கூடி வருகிறது, மணிக்கட்டுக்கட்டைப் பிரித்துவிட்டார்கள் என்று அம்மா சொன்னாள். அக்காவையும் மாப்பிள்ளையையும் கேட்டதாகச் சொல். மாப்பிள்ளையின் கடையில் பில் போடும் வேலை உனக்குப் பிடித்திருக்கிறது என்று அம்மா சொல்கிறாள். நான் நம்பவில்லை. ஓர் இடத்தில் பத்து நிமிஷம் உட்காராத பிள்ளை நீ.

மேலே போட்ட பெயரைப் பார்த்து முழித்திருப்பாய். வீட்டில் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறோம், பம்பரம் என்பது சைக்கிள் கூட்டாளிகள் வைத்த பெயராயிற்றே, இந்த மனுஷனுக்கு எப்படித் தெரியும் என்று யோசிப்பாய். தெரியும். இன்னும் நிறையத் தெரியும். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

போனில் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்பாய். நம் போன் பேச்சு நமக்குத் தெரியாதா? 'சாப்பிட்டியா?' 'சாப்பிட்டேன்பா.' 'சரி, அம்மாகிட்ட குடுக்கிறேன்.' அவ்வளவுதான். எழுதினால் பாதியில் அம்மாவிடம் கொடுக்க முடியாதல்லவா.

விஷயம் இதுதான். உன் பி.எம்.எக்ஸ் சைக்கிளை விற்றுவிடச் சொல்லியிருக்கிறாய். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஆள் வந்து எடுத்துப்போகிறாராம். 'என் கண்ணு என்னை ஏமாத்திடுச்சும்மா, எனக்கு இனிமே தைரியம் வராது' என்றாயாம். உன் கூட்டாளி கொசுவின் பேச்சை எடுத்தாலே போனை வைத்துவிடுகிறாயாம். பாப்பா, உன் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை. கொசு மேல் ஒரு தப்பும் இல்லை. நீ கீழே விழுந்தது யாரால் என்று எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைக்குள் அது உனக்கும் தெரிந்தாக வேண்டும். இதோடு மூன்று தாள் கிழித்துவிட்டேன்.

இங்கே ஒரு நிமிஷம் எழுந்து போய் இரண்டாம் நம்பர் வால்வை மூடிவிட்டு வந்தேன். அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

போன வருஷத்தில் ஒரு திங்கட்கிழமை, நான் வேலை செய்யும் இந்தக் கட்டடத்தின் முகப்பைக் காட்டும் கேமரா விட்டுவிட்டுத் தெரிகிறது என்று என்னைக் காவல் அறைக்குக் கூப்பிட்டார்கள். ஒயரை மாற்றிவிட்டு, பழைய பதிவு சரியாக இருக்கிறதா என்று ஓட்டிப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு ஐந்து. காவலர்கள் ஷிஃப்ட் மாறிக்கொண்டு டீ குடிக்கப் போகிற நேரம். முகப்பில் செடித்தொட்டியை ஒட்டி நீளமாக ஒரு கருங்கல் திண்டு ஓடுகிறதே, அதை நோக்கி ஒரு சைக்கிள் வருகிறது. சின்னச் சக்கரம். தலையில் ஹெல்மெட். வந்த வேகத்தில் வண்டியோடு ஒரு எம்பு எம்பி, அச்சில் துருத்திக்கொண்டிருக்கிற இரும்புக் குழாயைக் கல்லின் விளிம்பில் ஏற்றி, அப்படியே வழுக்கிக்கொண்டு போகிறது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை. முடிவில் ஒரு சுற்றுச் சுற்றி இறங்குகிறது. எவன் பெற்ற பிள்ளையோ, கழுத்தை முறித்துக்கொள்ளப் போகிறது என்று நினைத்தேன். அப்போது ஹெல்மெட்டைக் கழற்றினாய்.

பூங்காவில் ஓட்டுகிறேன் என்று எங்களிடம் சொல்லியிருந்தாய் அல்லவா. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அன்று சாயங்காலம் உன்னைப் பிடித்து நாலு கேள்வி கேட்பது என்று முடிவு செய்தேன். செய்துவிட்டு, ஒயர் இன்னும் சரியாகவில்லை, எதற்கும் இன்னொரு தடவை ஓட்டிப் பார்க்கிறேன் என்று காவலரிடம் சொன்னேன். அப்புறம் இன்னொரு தடவை. நாலாவது தடவை அவரே என்னை ஒரு மாதிரி பார்த்தார். பதினொரு விநாடிதான். சத்தம் கிடையாது, நிறம் கிடையாது. ஆனால் அந்தப் பதினொரு விநாடியில் உன் முகத்தில் இருந்த சிரிப்பை நம் வீட்டில் நான் பார்த்ததே இல்லை.

சாயங்காலம் உன்னிடம் எதுவும் கேட்கவில்லை. 'கால் கை ஒடிஞ்சா யாரு பாக்குறது' என்று வழக்கமாகத் திட்டுவதை மட்டும் திட்டினேன்.

பம்ப் சத்தம் மாறுகிறது. போய்ப் பார்க்க வேண்டும்.


வியாழக்கிழமை, சாயங்காலம்

நேற்று அதோடு நின்றுவிட்டது. வீட்டில் எழுதலாம் என்று எடுத்துப் போனால் அம்மா தையல் மெஷினை விட்டு எழுந்து வந்து எட்டிப் பார்க்கிறாள். எட்டாங்கிளாஸில் பாதியில் நின்றவன் பேனாவும் கையுமாக உட்கார்ந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது. பிளம்பிங் கணக்கு என்றேன். அவள் நம்பவில்லை.

நான்தான் பக்கெட் சாமி.

இதை எப்படி எழுதுவது என்று நேற்று ராத்திரி முழுக்க யோசித்தேன். எழுதிப் பார்த்தால் மூன்றே வார்த்தைதான்.

அந்தப் பதிவைப் பார்த்த பிறகு சனிக்கிழமை வந்தாலே எனக்கு இருப்புக்கொள்ளாது. வேலை முடிந்து போகும்போது திண்டைப் போய்ப் பார்ப்பேன். லாரி எண்ணெய் சிந்தியிருக்கும். கண்ணாடிச் சில்லு கிடக்கும். ஒருமுறை ஒரு பலகைக்கல் பூச்சு விட்டுப்போய் ஆடிக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, கல் கெட்டியாக, காய்ந்து, சுத்தமாக இருந்தால் நீலப் பக்கெட்டைத் திண்டின் முனையில் கவிழ்த்து வைப்பேன். ஏதாவது கோளாறு என்றால் நிமிர்த்தி வைப்பேன். கல் ஆடிய வாரம் நிமிர்த்தித்தான் வைத்திருந்தேன். நீயும் கொசுவும் கையை வைத்துப் பார்த்து, அன்றைக்கு ஓட்டாமல் போய்விட்டீர்கள். அதற்கு அடுத்த மாதம் எண்ணெய் போகாத வாரமும் அப்படித்தான். அதன் பிறகு வந்ததும் முதலில் பக்கெட்டைத்தான் பார்த்தீர்கள். திங்கட்கிழமை கேமராவில் அதைப் பார்த்து எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! உங்களிடம் ஒரு வார்த்தை பேசாமல் நாம் பேசிக்கொண்டோமே.

ஒருநாள் சாப்பிடும்போது நீ அம்மாவிடம் சிரித்துச் சிரித்துச் சொன்னாய். பூங்காவில் ஒரு துப்புரவு ஆள் இருக்கிறாராம், யார் கண்ணிலும் படமாட்டாராம், உங்களுக்காகப் பக்கெட்டைக் கவிழ்த்து வைப்பாராம், கொசு அவருக்குப் பக்கெட் சாமி என்று பெயர் வைத்து வாயாலேயே தாளம் போட்டு ஒரு பாட்டும் கட்டியிருக்கிறாளாம். அந்தத் தாளத்தை நீயும் 'புட்-ச்-புட்-புட்' என்று போட்டுக்காட்டினாய். அம்மா சிரித்தாள். நான் தலையைக் குனிந்து சாப்பிட்டேன். அன்றைக்கு எனக்கு ரெண்டு கவளம் அதிகமாகவே இறங்கியது.

அதற்கு முன்னால் உங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. முதல் ஓட்டத்துக்கு முன் ஒருத்தர் திண்டு முழுக்கக் கையால் தடவிக்கொண்டே நடந்து பார்ப்பீர்கள். பழைய பதிவில் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் கொசுதான் தடவுவாள். பக்கெட் வந்த பிறகு அதை விட்டுவிட்டீர்கள். அதையும் கேமராவில் பார்த்தேன். நம் மேல் எவ்வளவு நம்பிக்கை என்று பூரித்துப் போனேனே தவிர, அது தப்பு என்று இந்த மண்டைக்கு உறைக்கவில்லை.

இரண்டு மாதத்துக்கு முன் ஆறாவது மாடிக்காரர்கள், திண்டின் விளிம்பெல்லாம் கீறலாக இருக்கிறது என்று புகார் கொடுத்தார்கள். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, சைக்கிள்காரர்கள் வழுக்க முடியாதபடி விளிம்பில் இரும்புக் குமிழ் வைத்துவிடு என்றார். பன்னிரண்டு குமிழ். முட்டை அளவு, கல் நிறத்திலேயே சாம்பல் பூச்சு. வெள்ளிக்கிழமை பார்சலில் வந்தது, நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். என் மனதில் ஓடியதை மறைக்காமல் எழுதுகிறேன். ஒரு பக்கம் வயிற்றெரிச்சல். இன்னொரு பக்கம், அப்பாடா, இனி இந்தப் பிள்ளை இங்கே வராது, சொல்லாமலே ஒரு தொல்லை விட்டது என்று ஒரு நிம்மதி.

சனிக்கிழமை மதியம் துளை போட ஆரம்பித்தேன். அந்தக் கோடியிலிருந்து வைத்துக்கொண்டு வந்தேன். ஐந்து வைத்ததும் துளைக்கிற பிட் உடைந்துவிட்டது. மிச்சம் ஏழைத் திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று மூட்டையைக் கட்டினேன். வைத்த ஐந்தும் செடித்தொட்டிக்கு அப்பால். நீங்கள் வேகமெடுத்து வரும் பக்கத்திலிருந்து பார்த்தால் செடி மறைக்கும். எச்சரிக்கைப் பலகை ஒன்று அறையில் இருந்தது. காலையில் வைக்கிறேன் என்று நினைத்தேன். மறுநாள் ஞாயிறு, எனக்கு லீவு என்பதே அப்போது தோன்றவில்லை. கல் தூசியைக் கழுவினேன். கையைக் கழுவினேன். பக்கெட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தேன்.

வேண்டுமென்று வைக்கவில்லை. ஐம்பது சனிக்கிழமை செய்த வேலை. கை தானாகச் செய்துவிட்டது.

இதோடு முடிந்திருந்தால் கை செய்த தப்பு என்று உன்னிடம் எப்போதோ சொல்லியிருப்பேன். முடியவில்லை. அன்று ராத்திரி சாப்பாட்டில் நீ எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தாய். 'நாளைக்குச் சீக்கிரம் கிளம்பணும்மா, பூங்காவுக்கு' என்றாய். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பக்கெட்டை எப்படி வைத்தோம்? நிமிர்த்தியா, கவிழ்த்தா? நினைவுக்கு வரவில்லை. உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். திண்டில் குமிழ் வைத்திருக்கிறோம், அங்கே போகாதே என்று. சொன்னால், நீ அங்கே ஓட்டுவது எனக்குத் தெரியும் என்று ஆகிவிடும். நான்தான் பக்கெட் என்றும் ஆகிவிடும். ஒரு வருஷமாகத் திட்டிய வாய்க்கு அது எவ்வளவு பெரிய அவமானம்! வாயைத் திறந்தேன். 'தண்ணி எடு' என்று மட்டும் சொன்னேன். நீ எடுத்துக் கொடுத்தாய்.

படுத்த பிறகும் நினைத்தேன். அவர்களுக்குக் கண் இல்லையா, குமிழ் தெரியாமலா போகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு புரண்டு படுத்தேன். தூங்கியும்விட்டேன் பாப்பா. நிம்மதியாகத் தூங்கினேன்.

இதற்கு மேல் இன்று கை ஓடவில்லை.


வெள்ளிக்கிழமை, காலை

நேற்று இரவு அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தைத்துக்கொண்டே கேட்டாள். மெஷினை மிதிக்கும் வேகத்திலேயே அவள் கோபம் தெரிந்தது. கடைசியில் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: 'என்கிட்ட எதுக்குச் சொல்ற? போய் முதல்ல அந்தக் கொசுப் பொண்ணுகிட்ட சொல்லு.' காலையில் டிபன் டப்பாவை மட்டும் மேஜைமேல் டங்கென்று வைத்தாள்.

அவள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் நான் செய்த கூத்தை அவள் பக்கத்திலிருந்து பார்த்தாளே. நீ ஸ்ட்ரெச்சரில் கிடக்கிறாய், ஹெல்மெட் ரெண்டாகப் பிளந்திருக்கிறது, கொசு உன் ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். குமிழில் இடித்து விழுந்தாய் என்று அவள் சொன்ன அந்த விநாடியே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கியவன் என்ன செய்தேன்? அவ்வளவு ஜனத்துக்கு நடுவில் அவளைப் பார்த்துக் கத்தினேன். 'கூட வந்தவ கண்ணைப் பொத்திக்கிட்டா இருந்த? ஒரு தடவை தடவிப் பாக்கக் கூடாதா? என் பொண்ணைக் கொல்லப் பாத்தியே!' நீ அரை மயக்கத்தில் அதைக் கேட்டுக்கொண்டு கிடந்தாய். நீ இன்று அவள் மேல் சொல்லும் பழி நீயாகக் கண்டுபிடித்ததில்லை. நான் உன் காதில் போட்டது.

அன்றிலிருந்து அவள் வண்டியைத் தொடவில்லை. பார்சல் கம்பெனி ஸ்கூட்டரில் மட்டும் வருகிறாள். எங்கள் கட்டடத்துக்குத் தினமும் பார்சல் கொண்டு வருபவள் அவள்தான் என்பது உனக்குத் தெரியும். முன்பெல்லாம் கையெழுத்துக்காகக் காத்திருக்கும்போது வாய் சும்மா இருக்காது. லிஃப்ட் வாசலில் நின்று தாளம் போடுவாள், மூன்றாவது மாடி வரைக்கும் கேட்கும். கொசு என்று சும்மாவா பெயர் வைத்தீர்கள். இரண்டு மாதமாகச் சத்தமே இல்லை. 'அங்கிள், அவ எப்படி இருக்கா?' என்று மட்டும் கேட்பாள். 'ம்' என்பேன். போய்விடுவாள். ஒவ்வொரு 'ம்'முக்கும் எனக்கு ஒரு நாள் ஆயுள் குறைந்தது என்று வைத்துக்கொள்.

இப்போது பதினோரு மணிக்கு அவள் வருவாள். சொல்லப் போகிறேன்.


வெள்ளிக்கிழமை, மதியம்

சொல்லிவிட்டேன்.

சரக்கு இறங்கும் கதவுப் பக்கம் கூட்டிக்கொண்டு போய், நின்றபடியே, ஒரே மூச்சில் சொன்னேன். பக்கெட், குமிழ், தண்ணி எடு என்றது எல்லாவற்றையும். ஆஸ்பத்திரியில் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவள் கன்னத்தில் அறைந்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் கையிலிருந்த பார்சலைக் கீழே வைத்துவிட்டு, 'தெரியும் அங்கிள்' என்றாள்.

எப்படித் தெரியும் என்றேன். 'அந்தக் குமிழ் பெட்டியைக் கொண்டு வந்து குடுத்ததே நான்தானே. கனமா இருக்கே, என்னன்னு கேட்டேன். ஏதோ இரும்புன்னு சொல்லிட்டுக் கையெழுத்துப் போட்டீங்க. அவ விழுந்த மறுநாள் அவ பெடலைத் தேடி இங்க வந்தப்போ, குப்பையில அந்த அட்டைப்பெட்டி கிடந்துச்சு. என் கம்பெனி ஸ்டிக்கர் ஒட்டியிருந்துச்சு. பக்கத்துலயே அந்த நீல பக்கெட்டை வச்சுக்கிட்டு நீங்க கல்லுல ரத்தத்தைத் தேய்ச்சுக் கழுவிட்டிருந்தீங்க. யாருன்னு அப்பவே புரிஞ்சிடுச்சு' என்றாள்.

அப்புறம் ஏன் பாப்பாவிடம் சொல்லவில்லை, ரெண்டு மாதமாக ஏன் இந்தப் பழியைத் தூக்கிக்கொண்டு திரிகிறாய் என்று கேட்டேன். அவள் சொன்னதை ஒரு எழுத்து மாறாமல் எழுதுகிறேன். 'நான் இல்லாட்டி அவளுக்கு வேற ஃப்ரெண்டு கிடைப்பா அங்கிள். அப்பாவுக்கு அவ எங்க போவா?'

அவளுக்கு அப்பா இல்லை என்பது உனக்குத் தெரியும். எனக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது. ஒரு வருஷமாகக் கையெழுத்துப் போட்டு வாங்குகிறேன், ஒரு நாள்கூட அவளைப் பற்றி நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அழுதேன். அந்த இடத்திலேயே, பார்சல் மேல் உட்கார்ந்து. அது ஏதோ கண்ணாடிச் சாமான் போலிருக்கிறது, 'அங்கிள், அது உடையற சாமான்' என்று அவள் கத்தியதும்தான் எழுந்தேன். உடையவில்லை.

இந்தக் கடிதத்தை அவளிடம்தான் கொடுத்தனுப்பப் போகிறேன். இன்று ராத்திரி வண்டியில் ஏற்றினால் நாளை மதியத்துக்குள் மாப்பிள்ளை கடைக்கு வந்துவிடும் என்கிறாள். ஒட்டுவதற்கு முன் படித்துப் பார் என்று நீட்டினேன். 'உங்க வீட்டு லெட்டரை நான் எதுக்குப் படிக்கணும்' என்று சொல்லிவிட்டாள். ரோஷக்காரி. மூணு மணிக்கு மறுபடி வருகிறாள், அதற்குள் முடிக்க வேண்டும்.

மிச்சம் ஏழு குமிழையும் நாளை வைக்கச் சொல்லி மேனேஜர் நெருக்குகிறார். பிட் வரவில்லை, பசை காயவில்லை என்று ரெண்டு மாதம் ஓட்டிவிட்டேன், இனி ஓடாது. என்னால் முடியாது என்று வேலையை உதறிவிட்டேன் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். உதறவில்லை. நாளைக்கு வைக்கத்தான் போகிறேன். பலகையை முதலில் வைத்துவிட்டு, பிறகு குமிழை வைப்பேன். கவிழ்ப்பதா நிமிர்த்துவதா என்ற பேச்சே வேண்டாம் என்று அந்த நீலப் பக்கெட்டை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டேன். அம்மா அதில் துணி ஊற வைத்திருக்கிறாள்.

உன் வண்டி உன் அறையில்தான் இருக்கிறது. முன்சக்கரத்தின் கோணலை நிமிர்த்திவிட்டேன். சக்கரத்தைத் தாங்குகிற முன் ஃபோர்க் வளைந்திருக்கிறது, அதையும் தட்டி நிமிர்த்தப் போனேன். வளைந்த ஃபோர்க்கை நிமிர்த்தி ஓட்டினால் ஒருநாள் உடைந்து ஆளைக் கொல்லும், புதுசுதான் மாட்ட வேண்டும் என்று கொசு இன்று சத்தம் போட்டாள். அதனால் தொடவில்லை. ஞாயிறு ஒன்பது மணிக்கு ஆள் வருவார். விற்பதா வேண்டாமா என்பது உன் இஷ்டம். அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடு, அதன்படி நடக்கும். நீ ஓட்ட வேண்டும் என்று நான் கேட்க மாட்டேன், கேட்க எனக்கு வாயும் இல்லை. ஆனால் உனக்குத் தைரியம் போய்விட்டது என்று நினைத்து விற்காதே. உன் கண் சரியாகத்தான் பார்த்தது. கவிழ்ந்திருந்த பக்கெட்டைக் கவிழ்ந்தது என்றே பார்த்தது. பொய் சொன்னது பக்கெட்தான்.

என் மேல் கோபப்படு. எத்தனை நாள் வேண்டுமானாலும் பேசாமல் இரு. என் முகத்தில் முழிக்க மாட்டேன் என்றாலும் அது நியாயம்தான், நான் அம்மா மூலமாகவே உன்னைக் கேட்டுக்கொள்கிறேன், பழக்கம்தானே. ஆனால் கொசுவுக்கு ஒரு போன் போடு. அவள் உன் அக்கா வீட்டு நம்பரைக் கையில் எழுதி வைத்துக்கொண்டு திரிகிறாள், அடிக்கத்தான் பயப்படுகிறாள். நீயே போடு. நாளைக்கே போடு.

அவள் வந்துவிட்டாள். கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, அட்டைப்பெட்டியின் மேல் விரலால் ஏதோ தட்டிக்கொண்டிருக்கிறாள். வாய் இன்னும் சேர்ந்துகொள்ளவில்லை. நான் எழுதுவதை நிறுத்தினால் அவளும் நிறுத்துகிறாள்.

பம்பரம், கடைசியாக ஒன்று. இந்த ஊரிலோ அந்த ஊரிலோ, இன்றைக்கோ பத்து வருஷம் கழித்தோ, மறுபடி எந்தக் கல்லின் மேல் ஏறினாலும், ஏறுவதற்கு முன் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை உன் கையாலேயே ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு ஏறு. யாரோ பார்த்துவிட்டார்கள் என்று ஏறாதே. உன்மேல் உயிரையே வைத்திருக்கிற ஆள் பார்த்துவிட்டார் என்றாலும் ஏறாதே. கையை வைத்துப் பார்.

எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
அன்று தண்ணீர் மட்டும் கேட்ட
உன் அப்பா